ரெண்டு பேருக்குக் காய்ச்சாத கூழ்

கனகேஸ்வரி அக்காவின் வீட்டுச் சுவரில் இருபத்தேழு வருஷமாக ஒரு ஆணி இருக்கவில்லை. கலண்டர் தரையில் நிற்கும், சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள். திகதி பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் விளிம்பில். சாமிப்படங்கள் ஒரு பிஸ்கட் பெட்டிக்கு மேலே. "அந்தப் பிள்ளையாருக்கும் இன்னும் விசா வரேல்லப் போல" என்று என் மனுசன் ஒஸ்வால்ட் பகிடி விடுவார். நான் சிரிப்பேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், எங்கள் கதவுக்கு எதிர்க்கதவு அவர்களுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூற்றேழில், மூன்று மாதம் இருக்கலாம் என்று வந்தவர்கள். ஒரே மகன் சயந்தன் கனடாவில். அவன் ஸ்பொன்சர் பண்ணுவான், பேப்பர் வரும், ஏறிப் போய்விடுவார்கள். அதற்கிடையில் வாடகை வீட்டில் ஆணி எதற்கு?

"போகப்போறம்தானே" என்பார் அக்காவின் மனுசன் நாகேந்திரம் அண்ணை. அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர், எந்தக் கடிதத்துக்கும் கொப்பி எடுத்து ஃபைலில் போடுகிறவர், நல்ல மனுசன். ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்து அந்த வீட்டுக்குள் எதையும் வரவிடாமல் காவல் காத்தார். பிரிட்ஜ் வாங்கவில்லை, போகப்போறம்தானே. சாப்பாட்டு மேசை இல்லை, போகப்போறம்தானே. இருபத்தேழு வருஷம் கொழும்பில் இருந்தும் அக்காவுக்குச் சிங்களத்தில் "கீயத" என்று விலை கேட்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது, அதற்கும் அதே பதில்தான். நைலோன் கயிறு கட்டிய நாலு சூட்கேஸ்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. அவற்றின் மேல் ஒரு போர்வையை விரித்து, வருகிறவர்களை அதில்தான் இருக்கச் சொல்வார்கள்.

வீட்டில் ரெண்டே ரெண்டு சாப்பாட்டுக் கோப்பை. மூன்றாவது ஆள் சாப்பிட வந்தால் ஒருவர் சாப்பிட்டுக் கழுவும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். அதனால் அக்கா யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டும் என்ற ஆசை இல்லாமல் இல்லை. கதவைத் திறந்தவுடனே "சாப்பிட்டீரோ?" என்று கேட்கும் வாய் அவருடையது. கேட்டுவிட்டு, உள்ளே திரும்பிப் பார்த்து, அந்த வாயை மூடிக்கொள்வார்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. நாங்கள் வளர்ந்த வீட்டில் கதவு பூட்டியதே கிடையாது. வருகிறவர்கள் நேரே குசினிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார்கள். அப்பா கொழும்பு ஹாபரில் வேலை செய்தவர், சம்பளம் வந்த அன்று இருபது பேருக்குச் சாப்பாடு, மாசக் கடைசியில் பாணும் சம்பலும். ஒஸ்வால்டும் ஹாபரில்தான் கிளார்க்காக இருந்தார். ரெண்டாயிரத்தாறில் நாங்கள் இந்த ஃபிளாட்டுக்கு வந்தபோது, இந்த மனுசர் இப்படிப் பொட்டலம் கட்டி வைத்தபடி சீவிப்பதைக் கண்டு எனக்கு விசர் பிடித்தது. நான் வாயை அடக்கும் ஆளில்லை.

"அக்கா, இண்டைக்குத்தான் சீவியம். அங்க போயிட்டு இருக்கலாமெண்டு யாராவது மூச்சை அடக்கி வைப்பாங்களா?" என்று கேட்பேன்.

"ஓம், நீர் சொல்றது சரிதான்" என்பார் அக்கா. பிறகு எழும்பிப்போய் ரெண்டு பேருக்குச் சோறு வடிப்பார்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு பெரிய ஆசை. அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் முதலில் சிரித்தேன். வீடு நிறைய ஆட்களைக் கூப்பிட்டு ஒடியல் கூழ் காய்ச்ச வேண்டும்.

அவர் கூழைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த கயர்ப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பெரிய சட்டியில் மீன் தலை, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை எல்லாம் போட்டு, செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்து விட்டு... அவருடைய கை காற்றிலேயே கிண்டும்.

"அப்ப காய்ச்சுங்களேன். நான் குடிக்கிறன்" என்றேன் ஒருநாள்.

"ரெண்டு மூண்டு பேருக்குக் கூழ் காய்ச்சிறதில்லை, நேசம். அது சோறு கறி இல்லை, போட்டுக் குடுத்துவிட. ஒரு பத்துப் பதினைஞ்சு பேர் சட்டியைச் சுத்தி இருக்கவேணும். வியர்த்து ஒழுகி, மூக்கை உறிஞ்சி, ஆளையாள் பகிடி பண்ணிக் குடிக்கவேணும். அதுதான் கூழ்."

"நம்மட ஃபிளாட்டில பதினைஞ்சு பேர் இல்லையா?"

உள்ளே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த அண்ணை தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அங்கை போய், சயந்தன்ரை வீட்டிலை, பேரப்பிள்ளையளோடை காய்ச்சுவம். இஞ்சை சட்டியுமில்லை, கோப்பையுமில்லை."

அக்கா கையைக் கீழே விட்டார். அந்தக் கதை அன்றோடு முடிந்தது. அடுத்த வருஷம் திரும்பவும் வந்தது, திரும்பவும் அதே இடத்தில் முடிந்தது.

சயந்தனையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கெட்ட பிள்ளை இல்லை. இருபது வயதில் ஏஜென்சி மூலம் போனவன். முதலில் அவனுக்கு அங்கே பேப்பர் இல்லை, வர முடியவில்லை. பிறகு பேப்பர் கிடைத்தது, கலியாணம் நடந்தது, வீடு வாங்கினான், பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருமுறை ஸ்பொன்சர் திரும்பி வந்தது, வருமானம் காணாதாம். பிறகு திரும்பவும் வரிசையில் நின்றார்கள். வீடியோவில் அக்கா, "ஒருக்கா வந்திட்டுப் போவன் அப்பு" என்று கேட்பார். "நீங்கள்தானே வரப்போறீங்கள் அம்மா, பிறகென்னத்துக்கு நான் அவ்வளவு காசைக் குடுத்து டிக்கட் போட்டு?" என்பான். அவன் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. இவர்கள் போகத்தானே போகிறார்கள் என்று அவன் வரவில்லை. அவனிடம்தானே போகப்போகிறோம் என்று இவர்கள் இங்கே இருக்கவில்லை. பேரப்பிள்ளைகள் ஒரு போன் அளவுக்கு மேல் வளரவேயில்லை.

இருபத்திரண்டாம் ஆண்டு, லைட் போய்ப் போய் வந்த காலம். ஒருநாள் மத்தியானம் லிஃப்ட் நின்றுவிட்டது, நானும் அக்காவும் மார்க்கெட் பையோடு படியில் ஏறினோம். ரெண்டாம் மாடியில் அக்கா நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். கையைக் கமக்கட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு நின்றார்.

"நேசம், இதிலை ஒரு கட்டி மாதிரி இருக்கு."

"எப்ப இருந்து?"

"தைப்பொங்கலுக்கு முந்தி."

"டொக்டரிட்ட காட்டினீங்களா?"

"அவர் இப்ப வேண்டாமெண்டு சொல்றார். இந்த முறை ஃபைல் எடுபட்டிட்டுதாம், மெடிக்கலுக்குக் கூப்பிடப் போறாங்களாம். இப்ப போய்க் காட்டினா ரிப்போட் விழும். பிறகு வருத்தக்காரி எண்டு விசாவை மறிச்சுப் போடுவாங்கள். அங்கை போனா எல்லாம் ஃப்ரீ, நல்ல டொக்டர்மார். அங்கை போய்க் காட்டுவம் எண்டுறார்."

பையை அந்தப் படியிலேயே போட்டுவிட்டு நேரே ஏறிப்போய் அவர்களுடைய கதவில் அடித்தேன். அண்ணையைப் பார்த்து என்னவெல்லாம் சொன்னேன் என்று எனக்கே முழுதாக ஞாபகமில்லை. "உங்களுக்கு மண்டை கழண்டு போச்சா?" என்று கேட்டது ஞாபகம். அவர் கோபப்படவில்லை. ஃபைலை எடுத்து வந்து கடைசியாக வந்த கடிதத்தைக் காட்டினார்.

"இருபத்தைஞ்சு வருஷம், நேசம். இன்னும் ஒரு ஆறு மாசம். அதுக்குள்ளை விசயம் பிழைச்சுப் போகக்கூடாது."

அக்கா என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். சயந்தனுக்குச் சொல்லக்கூடாது என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கினார். வேதக்காரியிடம் பிள்ளையார் முன்னால் சத்தியம். நான் கொடுத்தேன், காப்பாற்றினேன். அதை உடைத்திருக்க வேண்டும். ஒரு போன் எடுத்திருந்தால் போதும். மற்றவர் வீட்டு விஷயம் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன், என் வாய் அடங்கக்கூடாத ஒரே இடத்தில்.

ஆறு மாதம் என்றது இருபத்தோரு மாதம் ஆனது. மெடிக்கலுக்குக் கூப்பிட்ட அன்று அக்கா பச்சைக் கரைச் சேலை உடுத்திக்கொண்டு போனார். அந்த டொக்டர் கையை வைத்தவுடனேயே கண்டுபிடித்துவிட்டார். "இவ்வளவு காலமும் என்ன செய்தீங்கள்?" என்று கேட்டாராம். பிறகு மகரகமைக் கேன்சர் ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஊசி. எலும்புக்கும் போய்விட்டது என்றார்கள். விசாக் கதை அந்தக் கிழமையோடு நின்றது.

வருத்தம் இன்னதென்று தெரிந்த பிறகு அக்காவுக்கு ஒரு தைரியம் வந்தது. தலைமயிர் கொட்டிப்போன தலையில் என்னுடைய பூப்போட்ட ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, பின்னேரத்தில் என்னோடு கடற்கரைக்கு வந்தார். மூன்று நிமிஷ நடை. ரெயில் தண்டவாளத்தைக் கடந்து கல்லில் இருந்தோம். "இவ்வளவு கிட்டவோ கடல்?" என்று கேட்டார். சத்தம் மட்டும்தான் அவருக்குத் தெரியும். அன்று வீட்டுக்குப் போய்க் குளியலறைக்குள் நின்று நான் அழுதேன்.

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, அக்கா என் கதவில் தட்டினார். நடப்பதே கஷ்டம், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். முகம் மட்டும் கலியாண வீட்டுக்குச் சொல்ல வந்தவர் முகம்.

"நேசம், சனிக்கிழமை மத்தியானம் கூழ் காய்ச்சப்போறன். நீரும் ஒஸ்வால்டும் வரவேணும். ரெண்டாம் மாடி ஷிம்னாவுக்கும் பௌஸிக்கும் சொல்லும், மேல்வீட்டு நவரத்தினம் ஆக்களுக்கும் சொல்லும். உம்மடை பெரிய சட்டியைத் தாரும். கோப்பையளும் வேணும்."

அந்தோனியார் திருநாளுக்கு ஒரு கிழமை இருந்தது. கொச்சிக்கடைத் திருநாள் என்றால் எனக்குக் கண் மண் தெரியாது. அந்தச் சனிக்கிழமை நீர்கொழும்பிலிருந்து மச்சாள் ஆக்கள் வருகிறார்கள், வீடு கழுவ வேண்டும், கேர்ட்டன் தைக்கக் கொடுத்தது எடுக்க வேண்டும், ஒன்பது நாள் நவநாளும் நடக்கிறது. பெரிய சட்டியும் எனக்கே வேணும். நான் கையில் துடைப்பக்கட்டையோடு நின்றேன்.

"ஐயோ அக்கா, இந்தச் சனி ஏலாது. திருநாள் முடியட்டும். அடுத்த கிழமை வைப்பம். நானே போய் மீன் வாங்கி வாறன். இவ்வளவு காலம் இருந்திட்டீங்க, ஒரு கிழமைதானே."

அக்கா என் கையிலிருந்த துடைப்பக்கட்டையைப் பார்த்தார். பிறகு, "ஓம், அதுக்கென்ன. திருநாள் முடியட்டும்" என்றார். நான் கதவைச் சாத்திவிட்டுக் கூட்டத் தொடங்கினேன்.

திருநாள் முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, அம்புலன்ஸ் வந்தது. அக்கா அதன்பிறகு மூன்றாம் மாடிக்கு ஏறவில்லை. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டார். சயந்தன் டிக்கட் போட்டு வந்து இறங்கியபோது அம்மா மலர்ச்சாலையில் பெட்டிக்குள் பச்சைக் கரைச் சேலையோடு படுத்திருந்தார். நாற்பத்தொன்பது வயது மனுசன், தாயின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் வாறனெண்டுதானே சொன்னனீங்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவனைக் கண்டால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நான் வைத்திருந்தது எல்லாம் கரைந்துபோனது. அவனுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் அவர்களுக்கு எட்டுச்செலவு. செத்தவருக்கு என்னென்ன விருப்பமோ அதையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். அன்று காலை அண்ணை என் கதவில் தட்டினார். அக்கா நின்ற அதே இடத்தில், கையில் ஒரு ஒடியல் மாப் பக்கட்டோடு நின்றார்.

"நேசம், உங்கடை பெரிய சட்டியை ஒருக்காத் தாறீங்களோ? கூழ் காய்ச்சவேணும். எங்கடை வீட்டிலைதான் காய்ச்சவேணும்."

நான் சட்டியையும் கோப்பைகள் முழுவதையும் கொண்டுபோனேன். ஷிம்னா பலாக்கொட்டை உரித்தாள். மார்க்கெட்டில் மீன் தலையும் இறாலும் ஒஸ்வால்ட் வாங்கி வந்தார். மாவை ஊறப்போட்டதும் தண்ணீர் வடித்ததும் அண்ணைதான், ஒருவரையும் தொடவிடவில்லை. அவர்களுடைய ஒற்றை அடுப்பில் என் சட்டி பாதிக்கு மேல் வெளியே நின்றது. ஒரு பக்கம் சயந்தன் பிடித்துக்கொள்ள, நான் கிண்டினேன். அக்கா காற்றில் கிண்டியதை நினைத்துக்கொண்டு கிண்டினேன்.

அக்காவின் படம் வந்தது, பெரிதாக்கி ஃபிரேம் போட்டது. எங்கே வைப்பது என்று சயந்தன் பார்த்தான். சூட்கேஸ் மேல் வைக்கலாம் என்றான். அண்ணை உள்ளே போய் ஒரு சுத்தியலும் ஆணியும் கொண்டு வந்தார். எங்கிருந்து எடுத்தாரோ தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்த கதிரையில் ஏறி, நடுச்சுவரில் அடித்தார். சரியாக அடிக்கத் தெரியவில்லை, மூன்று முறை வளைந்தது. ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. நாலாவது முறை இறங்கியது.

படைத்து முடிந்ததும் எல்லோரும் இருந்தோம். தரையில் எட்டுப் பேர், சூட்கேஸ்களின் மேல் நாலு பேர், கதவுக்கு வெளியே பௌஸியும் நவரத்தினமும். பதினாலு பேர். அந்த வீட்டில் அவ்வளவு ஆட்களை நான் கண்டதேயில்லை. உறைப்பில் எல்லோருக்கும் வியர்த்தது. மூக்கை உறிஞ்சினோம். யார் அழுகிறார்கள், யாருக்கு உறைக்கிறது என்று தெரியவில்லை. நவரத்தினம் ஏதோ பகிடி சொன்னார், ரெண்டு பேர் சிரித்தும்விட்டார்கள். அக்கா சொன்ன மாதிரியே இருந்தது எல்லாம்.

அண்ணை கரண்டியோடு ஒவ்வொருவராக வந்தார். என் முன்னால் வந்தபோது, என்னத்தையாவது கதைக்க வேண்டுமே என்று கேட்டேன்: "நல்ல மா அண்ணை. எந்தக் கடையில வாங்கினீங்க?"

"நான் வாங்கேல்லை. அவ வாங்கி வைச்சது. அந்தச் சனிக்கிழமைக்கெண்டு."

கரண்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"புதன்கிழமை இரவு கேட்டவ. கூழ் காய்ச்சட்டோ எண்டு. நான் ஓம் எண்டனான், நேசம். இவ்வளவு வருஷத்திலை முதல் தரம் ஓம் எண்டனான். விடியவே எழும்பிச் சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுக் கடைக்குப் போய் இதை வாங்கிக்கொண்டுதான் உங்களுக்குச் சொல்ல வந்தவ. திரும்பி வந்து, நேசத்துக்குத் திருநாளாம், அடுத்த கிழமை பாப்பம் எண்டு மாவை எடுத்து உள்ளை வைச்சிட்டா."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஃபைலில் இருப்பதைப் படிக்கிற மாதிரித்தான் சொன்னார். சொல்லிவிட்டு, அக்கா "சாப்பிட்டீரோ?" என்று கேட்கும் அதே குரலில் கேட்டார்:

"இன்னும் கொஞ்சம் விடட்டே?"

எனக்கு வயிறு நிறைந்திருந்தது. இன்றைக்கு ஏலாது என்று சொல்ல இனி எனக்கு வாயில்லை. நிமிர்ந்து ஆணியில் தொங்கிய முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கோப்பையை நீட்டினேன்.